நிழல்பெட்டியின் நாலாவது பதிப்பு

புதுவாயல்
20-1-72

அன்புள்ள அண்ணாவுக்கு,

ரத்னா வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நால்வரும் சுகம். அங்கே நீங்களும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? பொங்கல் சீர் கொண்டுவந்த கையோடு அன்றைக்கே பஸ் ஏறிவிட்டீர்கள். ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை என்று இவருக்கு வருத்தம். அண்ணிக்கு முழங்கால் வீக்கம் வற்றியதா?

இங்கே அறுப்பு முடிந்து களம் காலியாகிவிட்டது. பையன் மணவாளன் என்னிடம் ஒட்டிக்கொண்டான். ஆறு வயதுக்கு யார் சோறு போட்டாலும் ஒன்றுதான். பெரியவள் செண்பகம்தான் பிடி கொடுக்கவில்லை. எதிர்த்துப் பேசுவது கிடையாது, சொன்ன வேலையைச் செய்யாமல் இருப்பது கிடையாது. ஆனால் நான் இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஐந்து மாதமாகிறது, என்னை இன்னும் எதுவும் சொல்லி அவள் கூப்பிட்டதில்லை. தலைக்கு எண்ணெய் வேண்டுமென்றால் தம்பி வந்து நிற்கிறான். அக்காவுக்கு எண்ணெய் வேண்டுமாம் என்கிறான். அவள் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பது எனக்குத் தெரிகிறது.

ஐந்தாவது படிக்கிறாள். மளிகைப் பொட்டலம் பிரித்த தாளைக்கூடப் படிக்காமல் போடமாட்டாள். அதைப் பார்த்துத்தான் ஒரு யோசனை வந்தது. நாம் சின்ன வயதில் படித்தோமே ‘நிழல்பெட்டி’, ஆமையும் ஏழு பூட்டும் வருமே, அது உங்கள் கடையில் இருக்கிறதா? இருந்தால் அனுப்புங்கள். சாயங்காலத்தில் நான் படித்துக் காட்டுகிறேன். ஒரே புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்தால் ஏதாவது பேச்சு வராமலா போகும்?

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கை,
ரத்னா

*

துளசி வாடகை நூல் நிலையம்
குளக்கரை, திருவள்ளூர்
25-1-72

சௌபாக்கியவதி ரத்னாவுக்கு,

அண்ணன் துளசிராமனின் ஆசிகள். இருவரும் க்ஷேமம். உன் அண்ணி கங்கம்மாளுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டது, குரல் வற்றவில்லை. தை அமாவாசைக் கூட்டம் கடையை மிதித்துவிட்டுப் போனது. சாமி பார்க்க வருகிறவர்கள் செருப்பை விட்டுவிட்டுப் போகத்தான் என் கடையைத் தேடுகிறார்கள்.

நிழல்பெட்டி என்று மொட்டையாகக் கேட்டால் எப்படி? மூன்று இருக்கிறது. முதலாவது நாம் படித்த பழைய பதிப்பு. முழுக் கதை, கோட்டுப் படங்கள், எழுதியவன் எழுதினபடி. இரண்டாவது பள்ளிப் பிள்ளைகளுக்கென்று சுருக்கியது. மூன்றாவது இப்போது வந்திருக்கிற வண்ணப் பதிப்பு. அதைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்தக் கொதிப்பு வரும்.

பிள்ளைகளுக்கு ஒரு கதையை முதல்முதலாகக் கொடுக்கும்போது முழுசாகக் கொடுக்கவேண்டும். அரைகுறையாகக் கேட்டவர்கள் ஆயுசுக்கும் அரைகுறையாகத்தான் நினைவு வைத்திருப்பார்கள். ஆகவே பழைய பதிப்பையே புக் போஸ்டில் அனுப்புகிறேன். கடையில் இது ஒரு பிரதிதான். சந்தாதாரர்களுக்குக்கூட யோசித்துத்தான் தருவேன். உனக்காக அனுப்புகிறேன். கடைசிப் பக்கத்தில் விதிகள் ஒட்டியிருக்கிறது, படித்துக்கொள்.

மாப்பிள்ளைக்கு என் நமஸ்காரம்.

துளசிராமன்

*

புதுவாயல்
9-2-72

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். எல்லாரும் சௌக்கியம். செண்பகத்துக்கு மட்டும் இரண்டு மூன்று நாளாகத் தலைவலி என்று சாயங்காலமே படுத்துவிடுகிறாள். உடம்பில் சுரம் ஒன்றும் இல்லை.

புத்தகம் வந்தது. மூன்றாம் அத்தியாயம் வரை படித்தேன். நடை நன்றாகத்தான் இருக்கிறது. எழுத்து ரொம்பப் பொடி. இங்கே விளக்குப் போடுகிற நேரத்துக்குக் கரண்டு மங்கிப் போகிறது. பிள்ளைகளுக்கு அந்தச் சுருக்கின புத்தகம் ஒத்துவரும் என்று தோன்றுகிறது. சிரமம் இல்லையென்றால் அனுப்புங்கள்.

இவர் உரம் வாங்கப் பொன்னேரிக்குப் போயிருக்கிறார். வேறு விசேஷம் இல்லை.

ரத்னா

*

திருவள்ளூர்
13-2-72

சௌபாக்கியவதி ரத்னாவுக்கு ஆசிகள்.

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை, உன் கடிதம் வரும்வரை. எழுத்து பொடி என்று சொல்வதற்கு உனக்கு என்ன வயதாகிறது? போய்ப் போய் மூன்றாம் அத்தியாயத்திலா நிறுத்துவாய்? கதை தொடங்குவதே அங்கேதான். பெரிய ராணி செத்து, சின்ன ராணி பல்லக்கில் வந்து இறங்கி, மூத்தாள் பிள்ளைகள் இரண்டும் விளையாடும்போது அவர்கள் நிழலைப் பிடித்துப் பெட்டியில் அடைத்துப் பூட்டுகிறாளே, அதை எழுதின கைதான் கை. நிழல் போன பிள்ளைகளைப் பெற்ற தகப்பனே அடையாளம் தெரியாமல் தாண்டிப் போகிறான். சின்ன ராணியின் படத்தைப் பார், கண்ணை மட்டும் எப்படிப் போட்டிருக்கிறான். நாம் அந்தப் பக்கம் வந்தால் உள்ளங்கையால் மூடிக்கொண்டு படித்தோமே, மறந்துவிட்டாயா?

நீ கேட்டதற்காகச் சுருக்கத்தையும் அனுப்புகிறேன். ஆமையை எடுத்துவிட்டான், ஏழு பூட்டை ஒரு பூட்டாக்கிவிட்டான், கடலைக் குளமாக்கிவிட்டான். சின்ன ராணியை மட்டும் சேதமில்லாமல் விட்டுவைத்திருக்கிறான், அதுவரைக்கும் புண்ணியம். செண்பகத்துக்கு சுக்கு அரைத்துப் பற்றுப் போடு.

துளசிராமன்

*

புதுவாயல்
20-3-72

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். பதில் எழுத நாளாகிவிட்டது, கோபிக்கவேண்டாம். பசு கன்று போட்டது. கிடாரிக் கன்று. இவருக்கு சந்தோஷம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வரப்போகிறது என்று ஜீப்பில் வந்து சங்கிலி போட்டு அளக்கிறார்களாம், நம் நிலம் அந்தக் கணக்கில் வராது என்று இவர் சொல்கிறார். அண்ணிக்கு வெயில் ஒத்துக்கொள்கிறதா?

சின்னப் புத்தகம் சீக்கிரம் முடிந்துவிட்டது. மணவாளன் இப்போதெல்லாம் என்னிடம் தண்ணீர் வாங்குவதற்கு முன்னால் அக்காள் முகத்தைப் பார்க்கிறான். அவள் தலையசைத்தால் குடிக்கிறான்.

மூன்றாவது பதிப்பு ஒன்று இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதில் கதை கொஞ்சம் வேறு மாதிரி இருக்குமா? இருந்தால் அதையும் பார்க்கலாமென்று ஆசை.

ரத்னா

*

திருவள்ளூர்
24-3-72

ரத்னாவுக்கு ஆசிகள். சுகம், சுகமே விளைக.

வேறு மாதிரிதான் இருக்கிறது, கேள். அதில் சின்ன ராணியே கிடையாது. அவள் இடத்தில் ஒரு மந்திரவாதி. இடுப்புவரை தாடி, அதற்குப் பச்சை வர்ணம். ராஜா மறு கல்யாணமே செய்துகொள்ளவில்லை. பிள்ளைகள் மனசு நோகுமாம், அதனால் மாற்றினார்களாம், முன்னுரையில் பெருமையாக எழுதியிருக்கிறான். கத்தரிக்காய்க் குழம்பில் கத்தரிக்காய் போடாமல் இறக்குவதற்குப் பெயர் என்ன? பார்வைக்கென்று எனக்கு வந்த பிரதி அலமாரிக்கு மேலே கிடக்கிறது. அதை நான் அனுப்புவதற்கில்லை. நம் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கு அதைப் படித்துக் காட்டினாள் என்று இருக்கக்கூடாது. பழைய பதிப்பைப் பொறுமையாகப் படி. உன் அண்ணி வடாம் போட்டு வைத்திருக்கிறாள், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

துளசிராமன்

*

திருவள்ளூர்
30-4-72

ரத்னாவுக்கு,

ஆசிகள். ஒரு மாதத்துக்கு மேலாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. எல்லாரும் சௌக்கியம்தானே? போன வாரம் போட்ட கார்டு கிடைத்ததா?

தாவீது வாத்தியார் லீவுக்கு வந்திருக்கும் பேரப்பிள்ளைகளுக்காகப் பழைய நிழல்பெட்டியைக் கேட்கிறார். கடை ஆரம்பித்த நாளிலிருந்து சந்தா கட்டுகிறவர். கதை முடிந்திருந்தால் புத்தகத்தை உடனே அனுப்பு. முடியாவிட்டாலும் அனுப்பு, அவருக்குக் கொடுத்துவிட்டு மறுபடி தருகிறேன்.

துளசிராமன்

*

புதுவாயல்
4-5-72

அண்ணாவுக்கு வணக்கம். சுகம். புத்தகம் இங்கே இருக்கிறது. இப்போது அனுப்புகிற நிலையில் இல்லை. வாத்தியாரிடம் ஏதாவது சொல்லிக்கொள்ளுங்கள். வெயில் கடுமை. நீங்களும் அண்ணியும் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

ரத்னா

*

திருவள்ளூர்
10-5-72

அம்மா ரத்னா,

ஆசிகள். உன் கார்டைப் படித்துவிட்டுப் புத்தகத்துக்கு என்ன ஆயிற்றோ என்று கத்திக்கொண்டிருந்தேன். உன் அண்ணி நீ எழுதின கடிதம் எல்லாவற்றையும் எடுத்துவரச் சொன்னாள். வரிசையாக வைத்து, என் பதில்களில் என்ன எழுதினேன் என்று கேட்டாள். சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் போன போக்கை நான் இங்கே எழுதப் போவதில்லை.

“ரெண்டாந்தாரமா போய்கீற பொண்ணுக்கு, மூத்தாள் பசங்கள வெச்சிகினு படின்னு இந்தக் கதயவா அனுப்புவே? உனுக்கு புக்கு தெரியும். வேற இன்னா தெரியும்?” என்றாள்.

எனக்கு நிஜமாகவே தோன்றவில்லை, அம்மா. நான் அதைப் பதிப்பு என்றுதான் பார்த்தேன். வாத்தியாரை நான் சமாளித்துக்கொள்கிறேன். பச்சைத் தாடியை இந்தத் தபாலிலேயே அனுப்பியிருக்கிறேன். அட்டை கெட்டியாக இருக்கிறது. படங்களுக்கும் குறை சொல்ல முடியாது. தைரியமாகப் படித்துக் காட்டு. நடந்ததை எழுதுவதானால் எழுது, இல்லாவிட்டால் வேண்டாம்.

வடாமும் வருகிறது.

துளசிராமன்

*

புதுவாயல்
2-6-72

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

ரத்னாவின் வணக்கம். நாங்கள் சுகம். வடாம் பொரித்தோம், மணவாளன் எங்களுக்கு மிச்சம் வைக்கவில்லை. இன்றைக்கு எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

நான் அந்தப் புத்தகத்தைக் கேட்டபோது எனக்கு ஆமையும் பூட்டும்தான் நினைவிருந்தது. சின்ன ராணி நினைவே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவள் எனக்கு யாரோதானே. மூன்றாம் அத்தியாயத்தில் அவள் பல்லக்கை விட்டு இறங்கினதும் செண்பகம் எழுந்து வெளியே போய்விட்டாள். மறுநாளிலிருந்து தலைவலி. சுருக்கின புத்தகத்திலும் அந்த இடம் வந்ததும் எழுந்து போனாள், தம்பியையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு.

நீங்கள் வண்ணப் புத்தகத்தை அனுப்பமாட்டேன் என்று எழுதினதும் எனக்கு வேறு வழி தெரியவில்லை. பழைய புத்தகத்தில் சின்ன ராணி வருகிற தாள்களை எல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்த்துச் சோற்றுப் பருக்கையால் ஒட்டிவிட்டேன். நிழல் தானாகத் தொலைந்துபோனதாகச் சொல்லிப் படித்தேன். உங்கள் விதிகளில் மடிக்காதே, கிழிக்காதே, எழுதாதே என்றுதான் இருந்தது. ஒட்டாதே என்று இல்லை. இப்படிச் சொல்லி மனசைத் தேற்றிக்கொண்டேன். பிறகு பருக்கைக்கு எறும்பு வந்துவிட்டது. அதனால்தான் திருப்பி அனுப்பவில்லை.

அண்ணா, அவர்கள் என்னை அம்மா என்று கூப்பிடவேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. அந்த ராணியாகப் பார்க்காமல் இருந்தால் போதும் என்று இருந்தது. இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் எழுத்து பொடி, கரண்டு மங்கல் என்றெல்லாம் எழுதினேன்.

பச்சைத் தாடி வந்தது. மணவாளன் தாடியைப் பார்த்துச் சிரித்தான். செண்பகம் எழுந்து போகாமல் கடைசிவரை கேட்டாள். எனக்கு உயிர் வந்தது. முடிந்ததும், “இதுலயும் தப்பா போட்டுகிறான்” என்றாள். என் முகத்தைப் பார்த்து அவள் பேசினது அதுதான் முதல் தடவை. எது தப்பு என்று கேட்டேன். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தம்பியைப் படுக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலையில் பால் கறந்துவிட்டு உள்ளே வருகிறேன், உலைப்பானை ஆவிக்கு மேலே பழைய புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, தபால் தலை உரிக்கிற மாதிரி ஒட்டின தாள்களை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருக்கிறாள். இவர் கலப்பையைத் தோளில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நிற்கிறார். எனக்குப் பால் சொம்பைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

“நீ ஒட்டி வெச்ச எடத்துலயாவது சரியா போட்டு இருக்கும்னு பாத்தேன். அங்கயும் தப்புதான். எங்கம்மா சொன்னதுதான் சரி,” என்றாள்.

அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

“சின்ன ராணி ஒண்ணும் நெழல பூட்டல. பெரிய ராணிதான் ஊர வுட்டுப் போவ சொல்லோ துணியோட துணியா பசங்க நெழலயும் மறந்தாப்ல பொட்டியில வெச்சி எடுத்துகினு போய்டுச்சு. சின்ன ராணி வந்து பாக்குது, பசங்களுக்கு நெழலு இல்ல. தோணி எடுத்துகினு அது தேடப் போவுது. அதப் போயி எல்லா புக்குலயும் திருடின்னு எழுதி வெச்சிருக்கான்.”

பிள்ளைகளைப் பெற்ற லட்சுமியம்மாள் கடைசி மாதங்களில் படுக்கையில் இருந்தபடி பிள்ளைகளுக்குத் தினமும் கதை சொன்னாளாம். அவளும் பள்ளிக்கூடத்தில் நிழல்பெட்டி படித்தவள்தான். இவர் கலப்பையைச் சுவரில் சாத்திவிட்டு, “வலி தெரியாம இருக்க கத சொல்லிகினு கீதுன்னு நெனச்சேன். எனக்கு இன்னா தெரியும்” என்றார். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

செண்பகம் எழுந்து போனது என்மேல் வெறுப்பில் இல்லை, அண்ணா. அவள் அம்மா சொன்ன கதையை நான் மாற்றிப் படிக்கிறேன் என்று கோபம். நான் பார்த்தே இராத ஒரு மனுஷி, தன் இடத்துக்கு ஒருத்தி வருவாள் என்று தெரிந்து, அவளுக்காகப் பிள்ளைகளிடம் பேசி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அது தெரியாமல் நான் பருக்கையைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அன்றைக்கு மாட்டுக்கொட்டகையில் நின்று நன்றாக அழுதேன்.

கூப்பிடுவது இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் எண்ணெய்க்கு அவளே வந்து நிற்கிறாள்.

புத்தகம் உப்பிப் போயிருக்கிறது. உங்கள் முத்திரை குத்தின தாளும் கிழிந்துவிட்டது. மன்னிக்கவும்.

ரத்னா

*

திருவள்ளூர்
7-6-72

அன்புள்ள ரத்னாவுக்கு,

ஆசிகள். உன் அண்ணி கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையல்கட்டில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருக்கிறாள். அழுதால் அவளுக்கு அப்படித்தான். என் உடம்பு சுகம். நேற்று முழுவதும் கடையில் யார் என்ன கேட்டார்கள் என்று நினைவில்லை.

உப்பின புத்தகத்தை அங்கேயே வைத்துக்கொள். விதிகளில் ஒட்டாதே என்பதையும் சேர்த்து அச்சடிக்கச் சொல்லிவிட்டேன். தாவீது வாத்தியாருக்குச் சுருக்கப் பதிப்பில் இன்னொன்று வாங்கிக் கொடுத்தேன். பேரப்பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறதாம், இதற்கு நான் என்ன சொல்வது?

இத்தனை வருஷம் புத்தகத்தோடு கிடந்தவன் நான். நிழல்பெட்டிக்கு மூன்று பதிப்புத்தான் என்று உனக்குச் சவாலாக எழுதினேன். நாலாவது என் கடையில் இல்லை. செண்பகத்தை அவள் அம்மா சொன்னதைச் சொன்னபடியே எழுதி அனுப்பச் சொல். நான் ஒரு எழுத்துக்கூட மாற்றமாட்டேன். நல்ல காலிகோ துணி போட்டு பைண்டு பண்ணித் தருகிறேன்.

துளசிராமன்

*

புதுவாயல்
25-6-72

அன்புள்ள மாமாவுக்கு,

செண்பகம் எழுதியது. நான் நலம். தம்பி நலம். நைனா நலம். கன்றுக்குட்டிக்கு வயிற்றுப்போக்கு, இப்போது பரவாயில்லை. நீங்களும் அத்தையும் நலமா? நான் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டேன்.

கதையை எழுதித் தனியாக வைத்திருக்கிறேன். பச்சைத் தாடி புத்தகத்தில் படம் நன்றாக இருக்கிறது, ஆனால் கதை தப்பு. பழைய புத்தகத்தில் ஆமை சரி, மற்றது தப்பு. அம்மா கதையிலும் ஆமை உண்டு. அதுதான் தோணிக்கு முன்னால் வழி காட்டிக்கொண்டு போகும்.

சின்ன ராணி தோணியில் நடு ஏரிக்குப் போகிறவரைக்கும்தான் அம்மா சொன்னது. மீதியை நாளைக்குச் சொல்கிறேன் என்றார்கள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

முடிவு இல்லாத புத்தகத்தை பைண்டு பண்ண மாட்டார்கள் என்று தம்பி சொன்னான். நான் யோசித்துப் பார்த்தேன், எனக்கு வரவில்லை. அதனால், “தோணி திரும்பி வந்துச்சா சின்னம்மா?” என்று போய்க் கேட்டேன். அவர்கள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். முறத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். அரிசியைக் கோழி கொத்தியது, அதைக்கூட விரட்டவில்லை. அப்புறம், “வந்துச்சு. பசங்க பசியா இருக்கும்னு வந்த ஒடனே அடுப்பப் பத்த வெச்சாங்க” என்றார்கள்.

நிழல் கிடைத்ததா என்று தம்பி கேட்டான்.

“பொட்டி அடுப்பு பக்கத்துலதான் கீது. மொதல்ல சாப்டுங்க, அப்பறம் எல்லாரும் சேந்து தொறக்கலாம்” என்றார்கள்.

அப்படியே எழுதிவிட்டேன். மாமா, இதுதான் சரி. இப்படியே பைண்டு பண்ணி அனுப்பவும்.

இப்படிக்கு,
செ. செண்பகம்